மூடி வைத்த பக்கமும் பூட்டி வைத்த மவுஸ்களும்

மதுரங்குளிச் சந்தியில், இரும்புக் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் தொலைக்கல்வி நிலையம் இருந்தது. முன்பள்ளி ஆசிரியைகளுக்கான டிப்ளோமாவின் தமிழ்ப் பாடங்களை எழுதுவதும், அவற்றைப் படிக்கும் மாணவிகளைக் கவனித்துக்கொள்வதும் என் பொறுப்பு. தொற்றுநோயால் வகுப்பறைகளை மூட நேர்ந்தபோது பாடநெறி முழுவதையும் இணையத்துக்கு மாற்றினோம். அதன் பிறகு சேர்ந்த மாணவிகளின் முகங்களை நான் காணவில்லை. அவர்கள் அனுப்பும் விடைகளையும், யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்று கணினி வரைந்து காட்டும் கோடுகளையும் மட்டுமே கண்டேன்.

ஒரு மாணவியின் கோடு மற்ற எல்லாருடையதையும்விட நீண்டு கிடந்தது. கரைத்தீவில், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் குடியிருப்பொன்றில் வாழ்பவள். அங்குள்ள முன்பள்ளியில் பல ஆண்டுகளாக உதவி ஆசிரியை. அவளுடைய விடைகள்தான் எப்போதும் கடைசியாக வந்து சேரும். ஆனால் வந்து சேர்ந்தவற்றை நான் இரண்டு முறை வாசிப்பேன். முதல் நாள் பள்ளிக்கு வந்து அழும் குழந்தையை எப்படித் தேற்றுவது என்ற கேள்விக்கு, மற்றவர்கள் பாட்டு, பொம்மை, இனிப்பு என்று எழுதியிருந்தார்கள். அவள் எழுதியது வேறு: "வாசலைப் பார்க்க முடிகிற இடத்தில் அவனை உட்கார வைக்க வேண்டும். வாசல் அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தால் அவன் தானாகவே வேறு பக்கம் திரும்புவான்." நான் எழுதிய பாடத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

கரைத்தீவுப் பக்கம் சிக்னல் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன்.

"சிக்னல் நல்லா இருக்கு டீச்சர். எனக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். நீங்க யோசிக்காதீங்க," என்றாள்.

அவள் சொன்ன அந்தக் கடைசிச் சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. இறுதிப் பரீட்சைக்கு நேர எல்லை உண்டு. பக்கங்களில் இவ்வளவு நேரம் செலவாகுமானால் அவளால் பரீட்சையைப் பாதிகூடத் தாண்ட முடியாது. பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஒரு காலைப் பொழுதில் புத்தளம் நகரத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கரைத்தீவுக்குச் சென்றேன்.

வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் மேற்பலகையை மூடி, அதன்மீது மடிக்கணினியை வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் களப்பு, கடலோடு சேரும் உப்புநீர்ப் பரப்பு. வெயில் தண்ணீரில் பட்டு அறைக்குள் திரும்பி வந்து, சுவரையும் திரையையும் ஒரேமாதிரி வெளுக்க வைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய அக்காள், அவள் 'ராத்தா' என்று அழைப்பவர், எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றப் போனார்.

சிறுவயதில் வந்த காய்ச்சலொன்று அவளுடைய கைகளைப் பாதித்திருந்தது என்பதை அன்றுதான் கண்டேன். வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கை, எதையாவது குறிபார்த்துப் போகும்போதெல்லாம் பாதி வழியில் வேறு திசைக்குத் திரும்பிவிடும். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையெங்கும் ஓடும். ஆனால் விரல்களை மடக்கி, மேலிருந்து நேராக விழவிட்டால் விரல் கணு சரியான விசையின்மேல் விழும். அப்படித்தான் அவள் கணினியை இயக்கினாள். விசைப்பலகையின் இடது ஓரத்தில் 'டெப்' என்று எல்லோரும் சொல்லும் விசை ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், பக்கத்தில் உள்ள தலைப்புகளிலும் பொத்தான்களிலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். வேண்டியது வந்ததும் 'என்டர்' விசையை அழுத்தினால் அது திறக்கும். மவுஸ் செய்யும் வேலை எல்லாவற்றையும் இவ்விரு விசைகளாலும் இன்னும் சிலவற்றாலும் செய்துவிட முடியும். பக்கத்தை அமைத்தவர்கள் அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரு பாடத்தைத் திறந்து காட்டுங்கள்," என்றேன்.

அவள் கணுவை விழவிட்டாள். திரையில் எதுவும் நடக்கவில்லை. மறுபடி விழவிட்டாள். தொடர்ந்து, அவசரமே இல்லாமல், உலக்கை விழுவதுபோன்ற சீரான ஓசையுடன் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. திரையோ சுவரில் மாட்டிய படம்போல அப்படியே இருந்தது. கணினி நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"என்ன நடக்குது?"

"சிங்களம் போகுது டீச்சர்," என்றாள், அழுத்துவதை நிறுத்தாமல்.

"எந்தச் சிங்களம்?"

"தமிழுக்குக் கீழ இருக்கிற சிங்களம். அது போய் முடிஞ்சாத்தான் தமிழ் வரும். ஒருக்கா நடுவுல என்டரை அமத்திப் பாத்தன். சிங்களப் பாடம் தொறந்திச்சு. அப்பதான் வெளங்கினது, இதுக்குக் கீழ ஒரு முழுப் பக்கம் இருக்குண்டு."

எனக்கு உடனே புரியவில்லை. எங்கள் பாடநெறி முதலில் சிங்களத்தில் அமைக்கப்பட்டது என்பதும், பிறகு அதே பக்கங்களில் தமிழ் சேர்க்கப்பட்டது என்பதும் தெரியும். தமிழைத் தெரிவு செய்தவர்களுக்குத் தமிழ் மட்டுமே தெரியும்படி அமைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இல்லை என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். இவளோ பாடநெறி தொடங்கிய நாள்முதல், ஒவ்வொரு பக்கத்திலும், கண்ணுக்குத் தெரியாத சிங்களப் பக்கமொன்றை முழுவதுமாகக் கடந்து தமிழுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் இதை எங்களுக்குச் சொல்லவில்லை?"

அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். "சொல்றதுக்கு என்ன டீச்சர் இருக்கு? பஸ்ல, கவர்மென்ட் கச்சேரில, ஆஸ்பத்திரில, எல்லா போர்டுலயும் மேல சிங்களம், அதுக்குக் கீழதானே தமிழ். கொம்பியூட்டருக்குள்ளயும் அப்பிடித்தான் வெச்சிருக்காங்கண்டு நெனச்சன்."

அக்காள் பிளேன்டீக் கோப்பையை என் கையில் தந்துகொண்டே சிரித்தார். "நான் மவுஸால ஒரு தட்டுத் தட்டினா நேரா தமிழ் வந்திரும் டீச்சர். இவ விடமாட்டா. தொட்டாச் சண்டைக்கு வாறா."

"ராத்தா தட்டுவா. தட்டிட்டு 'முடிஞ்சா, முடிஞ்சா'ண்டு கேட்டிட்டே நிப்பா. நான் வாசிக்க முந்தி அடுத்த பக்கத்துக்குப் போயிருவா."

"பின்ன? உன்ட பாடம் முடிஞ்சாத்தானே எனக்கு மெஷினத் தொறக்கலாம். பெருநாளைக்கு ஊர்ச் சட்டையெல்லாம் அங்க குவிஞ்சு கெடக்கு!"

அப்போது திரையில் முதலாவது தமிழ்த் தலைப்பு சற்றே நிறம் மாறியது. களப்பின் வெளிச்சத்தில் அது எனக்குத் தெரியவே இல்லை. அவள்தான் சொன்னாள்: "இந்தா, வந்திட்டு." தமிழுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

அவ்வளவு நேரமும் உதடுகள் ஏன் அசைந்தன என்று கேட்டேன். "சும்மா அமத்தினா விசர் வரும் டீச்சர். சிங்களம் போற நேரம் முந்தின பாடத்த மனசுக்குள்ள ஓதிப் பாப்பன்," என்றாள். அவளுடைய விடைகளின் தெளிவுக்கு ஒரு காரணம் அன்று எனக்குக் கிடைத்தது. நாங்கள் தெரியாமல் வைத்த தடையைத் தன் படிப்பறையாக்கிக்கொண்டிருந்தாள். இதைப் பிறரிடம் சொல்லும்போதெல்லாம் அவளுடைய பொறுமையைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கோ அவளுடைய பொறுமையைவிட, அதை அவள் வீணாக்காமல் செலவிட்ட விதத்தின்மேல்தான் மதிப்பு.

புறப்படும்போது தன் நிலைமையை அவளே சொன்னாள். முன்பள்ளியின் தலைமை ஆசிரியை ஆண்டு முடிவில் விலகிப் போகிறார். சான்றிதழ் இருந்தால் ஜனவரியில் வகுப்பு இவளுடையது. இல்லாவிட்டால் நகரத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதென்று பள்ளிக் குழு தீர்மானித்திருந்தது.

"அந்தப் புள்ளைகள்ல பாதிப்பேர நான்தான் டீச்சர் வாசலப் பாக்க ஒக்காத்தினது," என்றாள்.

மறுநாள் நிலையத்தில், பக்கங்களை அமைத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிலாபத்துக்காரர். மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். செபம் சொன்னால் தமிழில், கோபம் வந்தால் சிங்களத்தில். இரண்டு மொழிப் பக்கங்களும் அவருடைய கையால் ஆனவை.

"இருக்கவே ஏலாது மிஸ்," என்றார். மவுஸால் ஒரு தமிழ்த் தலைப்பை அழுத்தினார். உடனே திறந்தது. "பாருங்க. எவ்வளவு லட்சணமா வேலை செய்யுது."

"மவுஸை விட்டுவிட்டுச் செய்து பாருங்கள்."

அவர் சிரித்தபடியே டெப் விசையை அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். சிரிப்பு மெல்ல மறைந்தது. இன்னும் சில தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

"எல்லாம் உசிரோட இருக்கு மிஸ்," என்றார் கடைசியில். "நான் சிங்களப் பக்கத்துக்கு மேல தமிழப் போட்டு மூடினன். சாப்பாட்டு மேசையில பழைய விரிப்புக்கு மேல புது விரிப்பப் போடுற மாதிரி. கண்ணுக்கு மறைஞ்சிட்டு. கீபோட்டுக்கு மறையல்ல."

பிறகு அவரே இன்னொன்றையும் நினைவுகூர்ந்தார். விசைப்பலகையால் போகும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்ட, அந்த இடத்தைச் சுற்றி ஒரு நீலக் கட்டம் தோன்றுவது வழக்கம். எங்கள் பக்கங்களிலும் அது இருந்தது. அது ஏதோ பிழைபோலத் தெரிகிறது என்று நிலையப் பொறுப்பாளர் ஒருமுறை சொன்னதால் இவர் அதை நீக்கிவிட்டு, எழுத்தின் நிறம் இலேசாக மாறும்படி வைத்திருந்தார். கரைத்தீவின் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நிறமாற்றத்தை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பொறுப்பாளர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் மனம் முதலில் உதவியின் பக்கமே போனது. பரீட்சைக்கு ஓர் உதவியாளரை ஒழுங்கு செய்வோம், மாணவி விடையைச் சொல்லட்டும், உதவியாளர் மவுஸால் அழுத்தட்டும் என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் இது இயல்பான யோசனைதான். ஒருவருக்கு ஒன்று முடியாதென்றால் பக்கத்தில் நிற்பவரின் கை தானாக நீளும். கேட்டுக்கொண்டு நீளுவதில்லை. அந்த வழக்கத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ராத்தாமார் ஒரு தட்டுத் தட்டி உதவியதால்தான் எங்கள் பக்கங்களின் குறை யாருடைய காதுக்கும் எட்டாமல் இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

பொறுப்பாளர் என் மேசையிலிருந்தே அவளைத் தொலைபேசியில் அழைத்து, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"பிள்ளை, நாங்க உங்களுக்கு உதவி செய்யத்தான் பாக்கிறம்."

"தெரியும் சேர். ஜஸாக்கல்லாஹு ஹைர். ஆனா எனக்கு ஆள் வேணாம்."

"ஏன்? விடையச் சொல்லப் போறது நீங்கதானே?"

"வேற ஆள் அமத்தினா, பாஸானது யாருண்டு ஊர்ல கேப்பாங்க சேர். கேக்காட்டியும் புள்ளைகளுக்கு முன்னால போய் நிக்கப்போறது நான். என்ட விடைய நானே அமத்தணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மத்தது, நீங்க எங்கட ராத்தாவத்தான் கூப்பிடுவீங்க. அவ அமத்தினா நான் கட்டாயம் ஃபெயில்."

பின்னால் அக்காளின் குரல் கேட்டது: "எனக்குக் கேக்குது புள்ள!"

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். தொலைபேசியை வைத்ததும் சிலாபத்துக்காரரைப் பார்த்து, "பரீட்சைக்கு முந்தித் திருத்த ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலும் சேர். ஆனா ஒண்டு. மவுஸ் கையில இருக்குமட்டும் நாங்க ஒருத்தரும் இதக் காணமாட்டம்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மேசை மேசையாகப் போய் எல்லா மவுஸ்களையும் கழற்றினார். அவற்றின் வயர்களைச் சுற்றி, மூலையிலிருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தார். "நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க மிஸ். சேர் கேட்டா இன்னும் குடுக்காதீங்க."

அடுத்து வந்த நாட்களில் எங்கள் அலுவலகம் வேறு இடமாகிவிட்டது. எல்லா மேசைகளிலிருந்தும் டெப் விசையின் ஓசை மட்டுமே கேட்டது. பொறுப்பாளர் தன் மின்னஞ்சலுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு, "நான் இப்ப எங்க நிக்கிறன்? யாராவது வந்து பாருங்க," என்று கூப்பிடுவார். மாலையானால் என் மேசைக்கருகே வந்து, "சாவி கையிலதானே இருக்கு?" என்று சும்மா விசாரிப்பதுபோல விசாரிப்பார். "ஓம் சேர், பத்திரமா இருக்கு," என்பேன். அவர் பெருமூச்சோடு திரும்பிப் போவார். அவர் ஒருமுறைகூட அதைத் தரும்படி கட்டளையிடவில்லை. பதவியிலிருப்பவர்களிடம் அரிதாகக் காணும் பண்பு அது.

நான் எழுதிய பாடங்களை நானும் விசைப்பலகையால் வாசித்தேன். தலைப்புக்குத் தலைப்பு நின்று நின்று போகும்போது, கண் அவசரமாகத் தாண்டிவிடுபவை எல்லாம் வரிசையாக எதிரே வந்தன. பல இடங்களில் 'இங்கே அழுத்தவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அந்த 'இங்கே'களில் போய் நின்றபோது எந்த 'இங்கே' எதற்கென்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அதன் பொருள் விளங்கும்படி மாற்றி எழுதினேன். சிலாபத்துக்காரர் சிங்களப் பக்கத்தைத் தமிழிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுத்தார். படங்களை இழுத்துக்கொண்டுபோய்ப் பொருத்தும் பயிற்சிகளை, பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் பயிற்சிகளாக மாற்றினார். தான் கட்டியதைத் தானே பிரித்துக் கட்டும் வேலையில் மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் முகத்தில் நான் கண்டது, திறக்கத் தெரியாத பூட்டைத் திறந்துவிட்டவரின் மகிழ்ச்சி.

திருத்தங்கள் ஓரளவு முடிந்ததும், சோதித்துப் பார்ப்பதற்காக அவளை நிலையத்துக்கு அழைத்தோம். அக்காளோடு வந்தாள். சிலாபத்துக்காரர் எழுந்து தன் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டியபடி பின்னால் நின்றார். எந்த விளக்கமும் சொல்லவில்லை. முதல் அழுத்தலிலேயே முதலாவது தமிழ்த் தலைப்பு வந்து நின்றது.

அவள் கணு அந்தரத்தில் நின்றுவிட்டது. "சிங்களம் எங்க?"

"அது வேற வீட்டுக்குக் குடி போயிட்டு மிஸ்," என்றார் அவர்.

அவள் சிரித்தாள். "அப்ப நான் எப்ப பாடம் ஓதுறது? அதுக்கும் ஒரு எடம் வெச்சிருக்கலாமே சேர்."

ஆனாலும் கண்களைச் சுருக்கித் திரையை நெருங்கிப் பார்த்தாள். நீலக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். அது மெல்லியதாக இருந்தது.

"இங்க தெரியுது சேர். எங்கட வீட்டுல தெரியாது. களப்பு வெளிச்சம் எல்லாத்தையும் தின்னும். நான் எங்க நிக்கிறண்டு பெரிசாக் காட்டினாப் போதும். அழகு வேணாம்."

அவர் அங்கேயே, நின்றபடியே, விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கட்டத்தைத் தடித்த கறுப்பாக்கினார். அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடும் போட்டார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் போட்டா கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும் மிஸ்."

"இருக்கட்டுமே. எனக்கு உள்ளுக்குப் போகணும்."

அடுத்த தடையை அவளே கண்டுபிடித்தாள். ஒரு பக்கத்தில் சற்று நேரம் தங்கினால், 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்கும் சிறு பெட்டியொன்று தோன்றும். அது தோன்றியதும் கறுப்புக் கட்டம் பெட்டிக்கு வராமல் பின்னாலிருந்த பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பெட்டியை மூட வழியில்லை. அக்காளின் கை தானாக நீண்டது. வழக்கத்தின் வேகம் அது.

"ராத்தா, கைய மடியில வைங்க."

அக்காள் கையை மடியில் வைத்தார். அந்தக் கையின்மேல் மற்றக் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டு கைகளும் அங்கேயே இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டன என்பதை அருகிலிருந்து பார்த்தேன். தங்கைமேல் அவருக்கிருந்த அன்பின் பெரிய செயல் அதுதான் என்று எனக்குப் பட்டது.

அந்தப் பெட்டியைச் சரிசெய்ய அன்று மாலைவரை பிடித்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. இருந்து, சரியாகிவிட்டதைத் தன் கையால் பார்த்துவிட்டுத்தான் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

பரீட்சை எங்கள் நிலையத்தின் மண்டபத்திலேயே நடந்தது. மேற்பார்வை செய்தவர்களில் நானும் ஒருத்தி. விதி கண்டிப்பானது. பரீட்சை தொடங்கிய பின் மாணவியின் கணினியை வேறு எவரும் தொடக்கூடாது. எந்தக் கேள்விக்கும் விளக்கம் சொல்லவும் கூடாது. கேள்விகள் ஒரு பெரிய தொகுப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக வரும். தொகுப்பு முழுவதையும் நானும் சிலாபத்துக்காரரும் பார்த்து முடித்துவிட்டதாக நம்பியிருந்தோம்.

அவளுடைய கணுவின் ஓசை மண்டபத்தில் தனியாகக் கேட்டது. அது சீராகப் போகும்வரை எனக்கு அச்சமில்லை. பரீட்சையின் நடுப்பகுதியில் அந்த ஓசை நின்றது.

அவளுக்குப் பின்னாலிருந்த சுவரோரம் போய்த் திரையைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மாடு, கோழி, தேனீ, முயல் ஆகியவற்றின் படங்கள். மறுபக்கத்தில் அவற்றின் இருப்பிடங்கள். 'இழுத்துப் பொருத்துக' என்று இருந்தது. சிங்களத் தொகுப்பிலிருந்து பின்னர் மொழிபெயர்த்துச் சேர்த்த கேள்வி. எங்கள் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. கறுப்புக் கட்டம் மாட்டின் படத்தைச் சுற்றி நின்றது. அதற்குமேல் அந்த மாட்டை எங்கேயும் கொண்டுபோக விசைப்பலகையால் வழியில்லை.

கதவின் கண்ணாடிக்கு வெளியே, கூட வந்து காத்திருந்த அக்காள் எழுந்து நிற்பது தெரிந்தது. தங்கையின் ஓசை நின்றது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். மண்டபத்தின் மறுமூலையில் சிலாபத்துக்காரர் நெற்றியில் கைவைத்திருந்தார். எங்கள் மூவரில் எவர் கை போயிருந்தாலும் அந்தக் கேள்வி ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஒருவர் கையும் போகவில்லை.

அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். கணுவை மேலே தூக்கி, டெப் விசையின்மேல் விழவிட்டாள். கட்டம் மாட்டை விட்டுக் கோழிக்கும், கோழியை விட்டுத் தேனீக்கும் போய், முயலையும் தாண்டி, 'அடுத்த கேள்வி' என்ற பொத்தானில் வந்து நின்றது. அந்தக் கேள்வியால் அவளைப் பிடித்துவைக்க முடியவில்லை. அவ்வளவாவது நாங்கள் சரியாகச் செய்திருந்தோம். ஓசை மறுபடி எழுந்தது. முன்பைவிடச் சற்று வேகமாக, ஆனால் அதே சீரில். நேரம் முடிவதற்கு முன்பே அவள் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் நேராகச் சிலாபத்துக்காரரிடம் போனாள். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்கட மாடு இன்னும் ரோட்டுலதான் நிக்குது சேர். தொழுவத்துக்கு இழுத்திட்டுப் போக என்னால ஏலல்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் கூட்டிட்டுப் போறன் மிஸ். இண்டைக்கே," என்றார். அப்படியே செய்தார். அன்று மற்றவர்கள் போன பிறகும் அந்தத் தொகுப்பை முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கான புள்ளியை அவளுக்கு வழங்கும்படி மேலிடத்துக்கு எழுதுவதாகப் பொறுப்பாளர் சொன்னார். "எழுதுங்க சேர், அது நியாயம்தான். ஆனா முதல்ல ரிசல்ட் வரட்டும். அது இல்லாமலே வரும், இன்ஷா அல்லாஹ்," என்றாள். அந்தப் புள்ளி இல்லாமலே தேர்ச்சி வந்தது. சிலாபத்துக்காரர் பெறுபேற்றைத் திரையில் கண்டதும் என்னிடம் வந்து அலுமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மவுஸ்களைத் திரும்பக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய மவுஸ் பிறகும் நெடுநாள் அந்த அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

புதிய ஆண்டு பிறந்து பள்ளிகள் திறந்த பிறகு, ஒரு வேலையாகப் புத்தளத்துக்குப் போனவள் கரைத்தீவு வரைக்கும் போய் வந்தேன். முன்பள்ளி, பள்ளிவாசலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரே அறை. குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாழ்வான கதிரையொன்றில் அவள். நானும் போய் அவளருகே பாயில் உட்கார்ந்தேன். புதிதாக வந்த சின்னவன் ஒருவன் வாசலுக்கு நேரே உட்கார்ந்து, அழுகை முடிந்த முகத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மடியில் படப் புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. பக்கத்தைப் புரட்டுவதற்காகக் கையை மடக்கி, கணுவால் தாளின் ஓரத்தைத் தள்ளினாள். தாள் பாதி எழும்பித் திரும்ப விழுந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து கையை நீட்டினாள்.

"கைய மடியில வைங்க மகள். டீச்சர் கேட்டா மட்டும் உதவி."

பிள்ளை திரும்பிப்போய் உட்கார்ந்து, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே வைத்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டாம் முறையும் தாள் திரும்ப விழுந்தது. அதன் ஓரம் என் பக்கம் இருந்தது. நான் எழுந்ததை நானே உணரவில்லை. என் கை புத்தகத்தின் அருகே போய்விட்டிருந்தது.

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "டீச்சர், உங்களுக்கும் சேத்துத்தான்."

பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தார்கள். நான் பின்வாங்கிச் சுவரோரத்தில், பாயின் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை கணு தாளின் அடியில் சரியாக நுழைந்தது. பக்கம் புரண்டது. அதில் ஒரு மாடு இருந்தது. தன் தொழுவத்துக்குள், வைக்கோலுக்குப் பக்கத்தில், நிம்மதியாகப் படுத்திருந்தது.